ராஜா காதில் விழக்கூடாது

மழை விட்டபாடில்லை. மழை பெய்தால் மற்றவர்களுக்குப் போர்வை, ஜன்னல், சூடாக ஒரு டீ என்று ஏதோ ஒரு சுகம் உண்டு. சலவைக்கூடத்து ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மழை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளிகளைக் கட்டிலை விட்டு எழுப்பிவிடப் போவதில்லை. விரிப்புகளும் உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வெயில் செய்கிற வேலையையும் சேர்த்து நீராவி செய்ய வேண்டும். நீராவி என்றால் பாய்லர். பாய்லர் என்றால் ராஜா.

ராஜா அவருடைய பெயர் அல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை சலவைக்கூடத்து ஆட்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவார்கள். எத்தனையோ வருஷமாக அதே நாடகம்தான். யார் எழுதியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முதல் காட்சியில் ராஜா மாறுவேஷத்தில் ஊர் சுற்றுவார். கொட்டுகிற மழை. கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு குழந்தை அழும். மனசு கேட்காமல் ஒரு சின்னக் கதவைத் திறந்து குழந்தையையும் அதைத் தூக்கி வந்தவனையும் உள்ளே விட்டுவிடுவார். மறுநாள் நெற்களஞ்சியம் எரிந்துபோயிருக்கும். எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவன் யார் என்று கேட்டு ராஜா சபையில் சத்தியம் செய்வார்: "அவன் எவனாக இருந்தாலும் அந்தக் கதவு வழியாகவே வெறுங்காலோடு வெளியே போகட்டும், ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கூடாது." தான் திறந்தது தோட்டத்துக் கதவு என்றே கடைசி வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார் அந்த மனுஷர்.

பாய்லர்காரருக்கு வெண்கலக் குரல். ராஜா வேஷத்துக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. வேஷம் கலைந்தாலும் பெயர் கலையவில்லை. மேனேஜர்கூட, "என்ன ராஜா, இன்னிக்கு அழுத்தம் குறையுதே?" என்றுதான் கேட்பார்.

அவர் மனைவிக்கு அந்த நாடகம் முழுக்க மனப்பாடம். ராஜா பேசுவது, மந்திரி பேசுவது, குழந்தை அழுகிற இடம்கூட. அதனால் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை அவளுக்கு. வீட்டிலும் அவர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று கூடத்துப் பெண்களுக்கு ஓர் அபிப்பிராயம். இரண்டையும் சேர்த்து 'பின்பாட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாய்லர் அறைக்கு அடுத்த உலர்த்தும் அறையில் அவளுக்கு வேலை. ஈரத் துணி உள்ளே போய்ச் சுடச்சுட வெளியே வரும். அவள் உதறிப் போடுவாள். கை எந்நேரமும் சூடாக இருக்கும். மழைக்காலத்தில் மற்ற பெண்கள் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குளிர் காய்வார்கள்.

ஒத்திகை நாட்களில் ராஜாவுக்குப் பேச்சு கூடிவிடும். சும்மா வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"இந்தா, எல்லாரும் கேட்டுக்குங்க. ஜனங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ராஜாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'எவனா இருந்தாலும் விட மாட்டேன்'னு சொல்லணும். கேக்குறவனுக்கு அடிவயிறு கலங்கணும். சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம உக்காந்திருக்கணும். அதுலதான்யா இந்த நாடகத்தோட உயிர் இருக்கு."

"ராஜா கொஞ்சம் மக்குதானே அப்ப?" என்பார் மந்திரி வேஷம் போடுகிற எடைக்காரர். அழுக்கு மூட்டையை எடை போடுகிறவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார்.

"மக்கு இல்லய்யா. நல்லவன். கெட்டவனுக்கு இப்படி ஆனா, 'நல்லா வேணும்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான் பாக்குறவன். இவன் நல்லவன். அதான் இவ்வளவு தூரம் தோண்டுறான்."

படித்தவர்கள் இதற்கு நாடக முரண் என்று பெயர் சொல்வார்களாம். ராஜா அதற்கு வைத்த பெயர் 'வாய்க்கொழுப்பு'. "இந்த இடத்துல வாய்க்கொழுப்பு பத்தல, இன்னும் ஏத்து," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தச் சபதத்தைத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்ப்பார். உலர்த்தும் அறை வரைக்கும் கேட்கும்.

வருஷாவருஷம் அந்தச் சபதக் காட்சியில் யாராவது ஒருத்தர் பொறுக்கமாட்டாமல் கத்திவிடுவார்கள். எல்லோருக்கும் கதை தெரியும், இருந்தும் கத்துவார்கள். அதற்கு ராஜாவிடம் ஒரு சட்டம் இருந்தது. "கத்துனா அது ராஜா காதுல விழக்கூடாது. விழுந்தாலும் விழாத மாதிரி நிக்கணும். இமை அசைஞ்சுது, நாடகம் செத்துது."

போன வருஷம் முன்வரிசையில் ஒரு பொம்பளை எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாள். கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. மந்திரிக்கு வசனமே மறந்துபோயிற்று. ராஜா மட்டும் அசையவில்லை. ஒரு சிமிட்டல் இல்லை. நிமிர்ந்து நின்று மிச்சச் சபதத்தையும் சொல்லி முடித்தார். நாடகம் முடிந்து ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்தப் பொம்பள அந்தக் கத்துக் கத்துறா, மனுஷன் கல்லு மாதிரி நிக்கிறாரே! இதுதான்யா நடிப்பு." ராஜா தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து முகச்சாயத்தைக் கழுவும்போது கேட்டார். "எவளோ கத்துனாளாமே? எனக்குத் தெரியவே இல்ல. வேஷத்துல அவ்வளவு முழுகிட்டேன் போலிருக்கு."

பின்பாட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "துண்டு வேணுமா?" என்றாள். பதில் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தமாக இருக்கும் என்று அது நிற்கும் வரைக்கும் பொறுத்து மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை கொஞ்சம் கத்தியே கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையால் சுவரைத் தடவித் துண்டைத் தேடினார். அவளே எடுத்து அவர் கையில் வைத்தாள். அதற்கு முன்பு நடந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. "இப்பல்லாம் எவனுக்கும் வாயத் தொறந்து பேசத் தெரியல, முணுமுணுக்கிறானுங்க" என்று அவர் சலித்துக்கொண்டது. பேசுகிறவர் வாயையே முறைத்துப் பார்த்தது. சாப்பிடும்போது கதவு தட்டினால் அவளைப் பார்த்து, "யாரோ வந்திருக்காங்க போல" என்று ஒரு நொடி தாமதித்துச் சொன்னது.

பாய்லர்காரனுக்குக் காதுதான் சோறு போடுகிறது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே அது கொதிக்கிற சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார் ராஜா. அப்படித்தான் பெயர் வாங்கினார். காது கேட்காதவனைப் பாய்லர் பக்கத்தில் நிற்கவிட மாட்டார்கள். வேலை போனால் கூடத்துக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடும் போய்விடும். இதெல்லாம் அவள் மனசில் ஓடியது உண்மை. ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டது அதற்காக மட்டும் இல்லை. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அவளால் அதைப் பார்க்க முடியாது.

சொல்லாமல் இருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தாள். உலர்த்தும் அறையிலிருந்து பாய்லர் அறைக்கு, நீராவிக் குழாய் போகிற கால்வாயை மூடி ஓர் இரும்புத் தகடு போட்டிருந்தது. அதன் ஒரு முனை அவள் நிற்கிற இடத்தில். மறுமுனையில் அவருடைய முக்காலி. தேய்ப்புக்கூடத்தில் ஒரு கயிறு தொங்கும். நீராவியை நிறுத்த வேண்டுமானால் அங்கே கயிற்றை இழுப்பார்கள்; பாய்லர் அறையில் அவர் தலைக்குப் பின்னால் இருக்கும் மணி அடிக்கும். நீளமாக ஒரு தடவை அடித்தால் மூடு. விட்டுவிட்டு இரண்டு தடவை அடித்தால் திற. மணி அடித்ததும் பின்பாட்டு குதிகாலால் தகட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவர் எழுந்து நீராவித் திருகை மூடுவார். இரண்டு தட்டுத் தட்டினால் திறப்பார். காலில் ஏறிய அதிர்வைத்தான் தன் காதால் கேட்டதாக நினைத்துக்கொண்டார். ஒத்திகையில் அவர் வசனம் வரும் இடத்தில் மேடைப் பலகையிலும் அப்படித்தான். "உனக்கு ஏன் கால் இப்படித் துடிக்குது?" என்று கேட்பார். "நரம்புத் தளர்ச்சி," என்பாள். அவர் ஊரெல்லாம் தைலம் விசாரித்து வாங்கி வந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்படியே ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

சின்னவள் பின்பாட்டுக்குத் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டாள். போக வேறு இடமும் கிடையாது. ராஜாதான் மேனேஜரிடம் பேசித் தேய்ப்புக்கூடத்தில் சேர்த்துவிட்டார். கொஞ்சம் வாய்த்துடுக்கு, ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தேய்க்கிற பெரிய உருளைக்கு அடியில் ஒரு வடிகட்டிக் குப்பி உண்டு. துணியின் பஞ்சும் குழாயின் துருவும் சேறாக அதில் இறங்கிவிடும். தினம் மத்தியானம் நீராவியை நிறுத்திவிட்டு மூடியைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கூடத்துக்குள்ளேயே நீராவியை மூட ஒரு திருகு இருந்தது. அது துருவேறி இறுகி எத்தனையோ காலம் ஆகிறது. மாற்றிவிடலாம் என்று மேனேஜர் சொன்ன சொல்லும் அதே மாதிரி இறுகித்தான் கிடந்தது. ஆகவே எல்லாவற்றுக்கும் மணிதான்.

நாடகத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மத்தியானம், கயிற்றை இழுத்தது சின்னவள். குப்பியைக் கழற்றியது சிட்டு. கல்யாணமாகாத பெண், எடை குறைவு, நடையும் அப்படித்தான் என்பதால் அந்தப் பெயர். மணி அடித்த பிறகு நீராவி வடிய எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டு மூடியைத் திருகுவாள். அன்றைக்கும் பாட்டு முடிந்துதான் திருகினாள். மூடி தெறித்தது. முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அவளுடைய அலறல் உலர்த்தும் அறையைத் தாண்டிப் போயிற்று.

உலர்த்தும் அறையில் அப்போது ஆள் இல்லை. நாடகம் நெருங்கிவிட்டதென்று ராஜாவின் மேலங்கிக்குச் சரிகை வைத்துத் தைக்க ஸ்டோருக்குப் போயிருந்தாள் பின்பாட்டு.

சிட்டுவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு எல்லோரும் தேய்ப்புக்கூடத்தில் நின்றார்கள். தரையில் தண்ணீர். உருளை ஓய்ந்து கிடந்தது. ராஜாவுக்குக் கண் கலங்கியிருந்தது. சிட்டு அவரை அப்பா என்று கூப்பிடுவாள்.

"மணி அடிக்கல," என்றார். "அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். இத்தன வருஷத்துல ஒரு மணி நான் விட்டதுண்டா? சொல்லுங்க."

விட்டதில்லைதான்.

"மணி அடிக்காம ஒரு பச்சப் பொண்ண அதுக்குள்ள கைய விடச் சொன்னது யாரா இருந்தாலும் சரி, இந்தக் கூடத்துல இனி காலெடுத்து வைக்கக் கூடாது. என் வீட்டு ஆளா இருந்தாலும் சரி. பெரிய வாசல் வழியா மனுஷங்க மாதிரி போகக் கூடாது. கரி கொட்டுற வாசல் வழியா போகட்டும். யாரும் வழியனுப்பக் கூடாது. இன்னிக்கு மணி யாரு?"

ஒத்திகை பார்த்துப் பார்த்து ஊறிய குரல். வேண்டுமென்று செய்யவில்லை, அதுவாகவே வந்துவிட்டது. எடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் மாமா," என்றாள் சின்னவள். "அடிச்சேன். ஒரே ஒரு தடவ, நீட்டா."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கயித்தத் தொட்டிருப்பே. இழுத்திருக்க மாட்டே."

"இழுத்தேன் மாமா."

"அப்ப நான் என்ன செவிடா?"

ஓரிருவர் சிரித்தேவிட்டார்கள், அந்த நேரத்திலும். அவருடைய காதைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை. சின்னவள் கயிற்றின் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மணிச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இல்லை. துவைக்கிற எந்திரங்கள் ஓடும்போது தேய்ப்புக்கூடத்தில் எதுவுமே கேட்காது. பாய்லர் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். அங்கே இருந்தவர் ராஜா. கொஞ்சம் தள்ளி ஸ்டோர்.

பின்பாட்டு கதவோரமாக நின்றாள். விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டிய அங்குஸ்தானைக்கூட இன்னும் கழற்றவில்லை.

சாயங்காலம் வீட்டில் ரொட்டியை யாரும் தொடவில்லை. ராஜா ஆஸ்பத்திரிக்குச் சிட்டுவைப் பார்க்கப் போயிருந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் தன் துணிகளை ஒரு பைக்குள் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"நீ ஸ்டோர்லதானே இருந்தே. உனக்குக் கேட்டிருக்குமே?"

பின்பாட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். "தையல் மெஷின் ஓடிட்டிருந்துச்சுடி."

"சரிகைய மெஷின்லயா தெச்சே? அது கையாலதானே தெப்பாங்க."

பின்பாட்டு துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"நான் கயித்த இழுத்தேன் அக்கா. என் கைய வெட்டிப் போட்டாலும் இதத்தான் சொல்லுவேன். அந்தப் பொண்ணு கத்துனது இன்னும் என் காதுக்குள்ளேயே இருக்கு. ஆனா எல்லாரும் என்னப் பாக்குற பார்வையில எனக்கே சந்தேகம் வந்துடும் போலிருக்கு. நெஜமாவே இழுத்தேனா, இழுத்த மாதிரி நெனச்சுக்கிட்டேனா? நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேற யாருக்கும் சொல்ல வேணாம், எனக்கு மட்டும் சொல்லு."

சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் எடுத்துக்கொடுக்கிறவள் அவள். அன்றைக்கு அவளுக்கு எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. "தூங்குடி," என்றாள்.

உண்மை இதுதான். ஸ்டோரில் அங்கியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நீளமாக, தெளிவாக. ஊசியோடு எழுந்து நின்றாள். ஓடினால் பத்து எட்டில் தகட்டை மிதித்துவிடலாம். மடியிலிருந்து சரிகைச் சுருள் உருண்டு அவிழ்ந்தது. மத்தியான மணி நேரமென்று அவர் மணிப் பக்கம் திரும்பித்தானே உட்கார்ந்திருப்பார், ஆடுவது கண்ணில் படாமலா போகும் என்று நினைத்தாள். குனிந்து சுருளைப் பொறுக்கி மறுபடி உட்கார்ந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். அப்புறம்தான் அந்த அலறல் கேட்டது. ராஜா அந்நேரம் மணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரி மூட்டையில் மஞ்சள் களிம்பு படிந்த தலையணை உறை ஒன்று வந்தது. அது யார் தலைக்கு வைத்ததோ தெரியாது. பின்பாட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மேனேஜருக்கு விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதும். துருவேறிய திருகைப் பற்றி யாரும் வாயெடுப்பதற்குள் சின்னவளை அனுப்பிவிடலாம் என்று இருந்தார். ராஜாதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம் சார். வாய் வார்த்தையில அனுப்பக் கூடாது. எல்லாருக்கும் எதிர்ல நிரூபிச்சுட்டு அனுப்புங்க. அவ என் கொழுந்தியா. நாளைக்கு யாரும் ராஜா அவசரப்பட்டுட்டான்னு சொல்லக் கூடாது. நான் சுவத்தப் பாத்துக் கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன். அவ கயித்த இழுக்கட்டும். லேசா இழுக்கட்டும், பலமா இழுக்கட்டும். எப்படி இழுத்தாலும் கேக்குதுன்னு காட்டறேன். கேட்டதும் கையத் தூக்குறேன்."

பின்பாட்டு வீட்டில் அவருக்கு எதிரே வந்து நின்றாள். அவர் பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் நின்று சொன்னாள். "வேண்டாங்க. இத்தோட விட்டுடுங்க. அவ போறதுன்னா போகட்டும். இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம்."

"உன் தங்கச்சிய எல்லாருக்கும் எதிர்ல அவமானப்படுத்துறேன்னு பாக்குறே. எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அவளுக்காகச் சொல்லலீங்க."

"பின்ன யாருக்காக?"

அவள் வாய் திறந்தது. அந்த முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். யாருக்கும் கெடுதல் நினைக்காத முகம். "ஒண்ணுமில்ல," என்றாள்.

"நீ எப்பவும் இப்படித்தான். கடைசி வார்த்தைய முழுங்கிடுவே," என்று சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

பாய்லர் அறையில் இத்தனை பேர் அதற்கு முன் கூடியதில்லை. எடைக்காரர், துவைக்கிறவர்கள், மடிக்கிற பெண்கள், மேனேஜர். எந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும். அடுப்புக் கதவு திறந்திருந்தது. அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். ராஜா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். மேடை ஏறுமுன் பார்க்கிற அதே பார்வை. பிறகு மணிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். முக்காலியை ஒதுக்கிவிட்டதால் அவர் நின்றது தகட்டின் முனையில். பின்பாட்டு இன்னொரு முனையில், உலர்த்தும் அறையின் நிலையில் சாய்ந்து நின்றாள். எங்கே நிற்கிறோம் என்று பார்த்து அவள் நிற்கவில்லை. கால் பழகிய இடத்துக்குப் போய்விட்டது.

"ஆரம்பிக்கலாம்," என்றார் ராஜா.

மேனேஜர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே நின்றவர் தேய்ப்புக்கூடத்துக்குச் சைகை செய்தார். கயிறு இழுபட்டது. மணி அடித்தது. நீளமாக ஒரு தடவை.

பின்பாட்டின் குதிகால் தானாக எழுந்தது. ஒரே ஒரு தட்டு. தட்டினால் அவர் கையைத் தூக்குவார். கூடம் முழுக்க, 'பார்த்தியா, ராஜா காதுன்னா ராஜா காதுதான்' என்று சொல்லும். வேலை நிலைக்கும். வீடு நிலைக்கும். சாயங்காலம் கரி வாசல் வழியாகச் சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு போவாள். குதிகால் அந்தரத்தில் நின்றது.

மணி ஓய்ந்தது. கை எழவில்லை.

அந்தப் பக்கம் சின்னவளுக்கு எதுவும் தெரியாது. சைகை மறுபடி போயிற்று. மறுபடி இழுத்தாள். இந்த முறை இன்னும் பலமாக. மடிக்கிற பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ம்," என்றார் ராஜா, கண்ணைத் திறக்காமல். "நான் தயாரா நிக்கிறேன். அடிக்கச் சொல்லுங்க."

எடைக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்து, பிறகு பின்னால் வைத்தார். மேலே போன மேனேஜரின் கை அப்படியே நின்றது. அதைச் சைகை என்று நினைத்துக் கதவருகே நின்றவர் மறுபடி காட்ட, மணி அடித்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னய்யா, ராஜாவ நிக்க வெச்சு வேடிக்கை பாக்குறீங்களா?" என்று சிரித்தார் அவர். அடித்துக்கொண்டிருக்கிற மணிக்குக் கீழே நின்றுகொண்டு, அந்த வெண்கலக் குரலில். "இழுக்கச் சொல்லுங்கய்யா அவள. இப்பவாவது இழுக்கட்டும்!"

பின்பாட்டு காலைக் கீழே வைத்தாள். மெதுவாக, தகட்டில் அதிர்வு ஏறாதபடி வைத்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்சம் பொறுத்து ராஜா கண்ணைத் திறந்தார். எதிரே சுவர். அடுப்பு வெளிச்சத்தில் சுவரில் பெரிதாக மணியின் நிழல். அது ஆடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், வேகமாக. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிழல் அடங்கி, சின்னதாக நடுங்கி, நிற்கிற வரைக்கும் திரும்பவில்லை.

திரும்பியபோது அவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். அந்த முகங்களை அவருக்குத் தெரியும். மேடையிலிருந்து எத்தனையோ வருஷம் பார்த்த முகங்கள். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல்.

"சின்னவளக் கூப்பிடுங்க."

அவள் வந்தாள். கயிறு இழுத்த உள்ளங்கை சிவந்திருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான் அடிச்சியா?"

"ஒரே ஒரு தடவ மாமா," என்று அழுதாள். "நீட்டா."

அவர் அவள் வாயைப் பார்த்து, "நீட்டா," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். இடுப்பில் மாட்டியிருந்த திருப்புளியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் ஏதோ சொன்னார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மழையில் எங்கே போவீர்கள் என்பது மாதிரி ஏதோ. ராஜா அவர் வாயைப் பார்க்கவில்லை. ஆகவே அது அவருக்குக் கேட்கவில்லை. பெரிய வாசல் பக்கம் எடைக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ராஜா அந்தப் பக்கம் போகாமல் கரிக் குவியலைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார். ஒருவரும் கூடப் போகவில்லை. அவர் சொன்ன சொல் அப்படி.

பின்பாட்டு மட்டும் ஓடினாள். கரி வாசலைத் தாண்டி, கருப்புத் தண்ணீர் ஓடுகிற சந்தில், அவருக்கு முன்னால் போய் வழியை மறித்து நின்றாள். பின்னால் நின்று கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. இரண்டு பேருக்கும் தலையில் மழை கொட்டியது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன வருஷ நாடகத்துலேர்ந்து."

"அந்தக் கால் துடிப்பு?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. ஓடிவந்ததில் எங்கோ கழன்றிருந்தது. "நான் தைலம் வாங்கிட்டு வந்து கொடுத்தேன்," என்றார்.

"நான் சொல்லியிருக்கணும். உங்க முகம் சுண்டிடும்னு பயந்தேன். அன்னிக்கு மணி எனக்குக் கேட்டுச்சு. எழுந்தும் நின்னேன். அப்புறம் உக்காந்துட்டேன்." மழையில் அழுவது தெரியவில்லை, வாய் கோணுவது மட்டும் தெரிந்தது. "சிட்டு கைய நான்தான் எரிச்சேன்."

அவர் மறுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "நாம ரெண்டு பேரும்," என்றார். கரி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "போன வருஷம் ஒரு பொம்பள கத்துனாளே, கத்துனா கத்துனான்னு எல்லாரும் சொன்னாங்க. என்ன சொல்லிக் கத்துனான்னு நான் கேக்கவே இல்ல. என்ன சொன்னா?"

பின்பாட்டு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். அவர் கண் தன் உதட்டில் இருப்பதைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் நின்று எத்தனையோ வசனம் எடுத்துக்கொடுத்தவள், இதை அவர் எதிரில் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"நீதான்யா அது."